டிவிக்குக் கீழே ஒரே ஒரு பெட்டி

எதிர் வீட்டு அக்காவிடம் ஒரே ஒரு கேம் பெட்டிதான் இருந்தது. இதெல்லாம் எழுதி வைக்கிற விஷயமா என்று கேட்பவர்கள் அந்தக் காலத்தில் என் வீட்டை வந்து பார்த்திருக்க வேண்டும். டிவிக்குக் கீழே இரண்டு, ஜன்னல் ஓரம் கேம் ஆடுவதற்கென்றே வாங்கிய கம்ப்யூட்டர், தலையணைப் பக்கம் கையில் வைத்து விளையாடும் சின்னது, அலமாரியில் பழையது ஒன்று. இவ்வளவு இருந்தும் ஒரு விளையாட்டையும் நான் முடித்ததில்லை. ஒன்றைத் தொடங்கியதும் மற்றதில் புதிதாக என்ன வந்திருக்கிறதோ என்று மனசு அரிக்கும். எழுந்து போய் அதைப் போடுவேன். அது அப்டேட் கேட்கும். அப்டேட் ஓடுகிற நேரத்தில் மூன்றாவதைத் திறப்பேன். மூன்றாவதில் நான் எங்கே விட்டேன் என்பதே மறந்து போயிருக்கும்.

ஒருநாள் பால் பாக்கெட் கொடுக்க வந்த அக்கா வாசலில் நின்று இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, நீங்க வெளையாடவா செய்திய? வீட்டுக்குள்ளயே பஸ் மாறி பஸ் மாறி ஏறிக்கிட்டுல்லா இருக்கிய."

அடுப்படியிலிருந்து என் மனைவி சத்தமாகச் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்று பட்டது. வீம்புக்கு அன்று சாயங்காலம் ஒரே விளையாட்டில் உட்கார்ந்து பார்த்தேன். அரை மணி நேரம் தாக்குப்பிடித்தேன்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையை ஒட்டிய மூன்று மாடிக் கட்டடம் அது. பகலும் இரவும் கன்டெய்னர் லாரி போய்க்கொண்டிருக்கும். லாரி பள்ளத்தில் இறங்கி ஏறினால் எங்கள் அலமாரிக் கண்ணாடி கிணுகிணுக்கும். எனக்குச் சரக்குக்குச் சுங்கக் காகிதம் பார்க்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை. அக்காவுக்குப் பெரிய கோயில் பக்கம் ஒரு மருந்துக் கடையில் காலை நேர வேலை. பிள்ளைகள் இல்லை. அவர் கணவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். கப்பலில் பிட்டர். இன்ஜின் அறையில் உடைந்ததை வெட்டி ஒட்டிச் சரிசெய்கிற ஆள். ஒன்பது மாதம் கடலில் இருப்பார், இரண்டு மூன்று மாதம் வீட்டில் இருப்பார், மறுபடி கப்பல் பிடிக்க மும்பைக்கு ரயில் ஏறிவிடுவார்.

எங்கள் பக்கத்தில் கப்பலுக்குப் போனவர் திரும்பி வந்தால் அன்று சாயங்காலம் வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. நலம் விசாரிக்க வருவதாகத்தான் பேச்சு. எல்லார் கண்ணும் சுவரோரம் நிற்கும் சூட்கேஸ்கள் மேல்தான் இருக்கும். சென்ட், சோப்பு, சாக்லெட், டார்ச் லைட் என்று ஆள் பார்த்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும். விட்டுப்போனவர் அடுத்த முறை அவர் கப்பல் ஏறும்வரை முகம் கொடுத்துப் பேசமாட்டார். ஒரு தடவை எனக்கு ஷேவிங் கிரீம் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பெரிய டியூப் என்று பார்த்ததும் எனக்கே மனசு கொஞ்சம் சுருங்கியது, பொய் சொல்வானேன்.

அப்படி ஒரு சாயங்காலம்தான் அக்காவின் குணத்தை நான் முதலில் பார்த்தேன். அண்ணன் புது கேம் பெட்டி ஒன்றைத் தூக்கி நடுவில் வைத்தார். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. இந்தியாவில் அது இன்னும் கடைக்கே வரவில்லை. அக்கா டிவிக்குக் கீழே இருந்த பழைய பெட்டியை ஒரு பார்வை பார்த்தார்.

"அது ஓடுதுல்லா?" என்றார்.

"ஓடுது. ஆனா ஏளா, இதுல வர்ற கேம் அதுல வராது."

"அதுல வந்ததே இன்னும் தீரலியே."

"ரெண்டும் இருக்கட்டும். இருந்தா சோறா கேக்கப் போவுது?"

அக்கா பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே தூக்கி, பெரியதாழையிலிருந்து வந்திருந்த நாத்தனார் மடியில் வைத்தார். "நீ கொண்டு போளா. உன் வீட்டுல ஒண்ணும் இல்லல்லா." நாத்தனாருக்குச் சிரிப்பதா மறுப்பதா என்று தெரியவில்லை. அண்ணன் முகம் தொங்கிப்போனது. என் வயிறு எரிந்தது. எதிர் வீட்டில் இப்படி ஒரு ரசிகன் இருக்கும்போது, கேம் என்றால் என்னவென்று தெரியாத அந்த அம்மாள் மடியில் போய் வைப்பார்களா?

பிறகு ஒரு வருஷம் உப்புக் காற்றில் பழைய பெட்டியின் உள்ளே துரு பிடித்து அது செத்துப்போனது. அந்த முறை அண்ணன் கொண்டுவந்த புதுசை அக்கா ஏற்றுக்கொண்டார். அதற்கும் ஒரு முறை இருந்தது. செத்த பெட்டியைப் பழைய சாமான் எடுப்பவரிடம் கொடுத்து, அவர் மாடிப்படி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் புதுசின் டேப்பைக் கிழிக்க விட்டார். அதுவரை அண்ணன் கையில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு நின்றார்.

நான் சும்மா விடவில்லை. தலையணைப் பக்கம் கிடந்த சின்னதைக் கொண்டுபோய், "அக்கா, நான் இதைத் தொடுறதே இல்ல, கடைக்குக் கொண்டு போங்க, ஆளில்லாத நேரத்துல விளையாடலாம்" என்று கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே அது ஒரு பொட்டலம் மக்ரூனோடு திரும்பி வந்துவிட்டது. இன்னொரு முறை, என்னிடம் உள்ள பெட்டியில் மட்டும் கிடைக்கிற ஒரு விளையாட்டைப் பற்றி அளந்துவிட்டேன். இதற்காகவாவது இன்னொன்று வாங்கலாம் என்றேன். அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து, "கதை என்னன்னு சொல்லுங்க" என்றார். நானும் கை காலெல்லாம் ஆட்டி முக்கால் மணி நேரம் சொன்னேன். முடிந்ததும் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. கேட்டாச்சுல்லா, பொறவு எதுக்கு வாங்க?"

கஞ்சம் என்றுதான் நினைத்தேன். ஆபீஸிலும் அப்படித்தான் சொல்லிச் சிரித்தேன். ஆனால் கஞ்சத்துக்கு அவரிடம் வேறு அடையாளமே இல்லை. மாதா கோயில் திருவிழாவுக்கு எங்கள் கட்டடம் முழுக்க அவர் வீட்டுப் பிரியாணிதான். மருந்து வாங்க வந்து காசு பற்றாமல் நிற்பவருக்குத் தன் பையிலிருந்து போட்டுக் கொடுப்பார் என்று கடைக்காரரே என்னிடம் குறைப்பட்டிருக்கிறார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம் என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒருநாள் மொட்டைமாடியில் துணி காயப்போட வந்தவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன்.

அக்கா ஈரப் போர்வையை உதறிக் கொடியில் போட்டார். அதன் மறுபக்கத்திலிருந்துதான் பேசினார். முகம் தெரியவில்லை.

"அவிய சும்மா கப்பலேற மாட்டாவ தம்பி. ஒவ்வொரு தடவையும் ஒரு சாமானப் பாத்து வச்சிருவாவ. புதுப் பொட்டி வரப்போவுது, ஒரு கான்ட்ராக்ட் போயிட்டு வந்திருதேன்ம்பாவ. பொறவு அதுக்கு ஏத்த டிவி, அதுக்கு இன்னொரு கான்ட்ராக்ட். சாமான் ஒண்ணொண்ணா உள்ள வருது, ஆளு வெளியவே இருக்காவ. எனக்கு ஒத்தப் பொட்டி போதும்னு நின்னுட்டா, போறதுக்கு என்ன சாக்கு சொல்லுவாவ?"

"நேரா அண்ணன்ட்டயே சொல்லலாமே."

"சொல்லாமயா? சொன்னா சிரிக்காவ. கரையில என்ன வேலை தெரியும் எனக்குங்காவ."

அவருக்கு வேண்டியது இவ்வளவுதான். கணவர் கரையில் இருக்க வேண்டும். அதற்கு அக்கா கையில் இருந்த ஆயுதம் அந்த ஒற்றைப் பெட்டி. எனக்கு அன்று அக்கா மேல் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. பெட்டியை வேண்டாம் என்றால் கப்பலை வேண்டாம் என்றாகிவிடுமா? சாக்கு தேடுகிறவனுக்கு உலகத்தில் சாமானுக்கா பஞ்சம்? அண்ணனும் போய்க்கொண்டுதான் இருந்தார். அடுத்து ஏசி என்றார், அதற்கடுத்து பைக் என்றார்.

அந்தப் பெட்டியில் அவர்கள் விளையாடியதும் ஒன்றே ஒன்றுதான். ஒரு தீவு. அதில் கொஞ்சம் வயல், பத்துப் பன்னிரண்டு கோழி, ஒரு மாடு, ஓர் ஓட்டு வீடு, கடல் பக்கம் ஒரு படகு. சுடுவதும் இல்லை, ஜெயிப்பதும் இல்லை. எனக்குப் பார்த்தாலே கொட்டாவி வரும். அண்ணன் வீட்டில் இருந்தால் இருவரும் மாறி மாறி விளையாடுவார்கள். அவர் போன பிறகு மதியம் கடையிலிருந்து வந்ததும் அக்கா ஒரு மணி நேரம் உட்கார்ந்து தீனி வைத்து, தண்ணீர் பாய்ச்சி, வேலியைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுவார். வீடு பெருக்குகிற மாதிரிதான் அதையும் செய்வார். அண்ணன் விளையாடினால் படகின் மூக்கு எப்போதும் கடலைப் பார்த்து நிற்கும். கப்பல்காரர் பழக்கம். அக்கா அதைத் திருப்பிக் கரையைப் பார்த்து வைப்பார். "எப்பவும் கெளம்புறாப்லயே நிக்கணுமா?" என்று அவர் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். அண்ணன் காதில் அது விழாது. அவர் இன்ஜின் சத்தத்திலேயே இருந்த ஆள், வீட்டில் டிவி சத்தம் எங்கள் படுக்கையறைவரை வரும்.

அந்த வருஷம் அண்ணன் புரட்டாசியில் கிளம்பினார். கப்பல் ஏறிவிட்டேன் என்று போன் வந்தது. பிறகு கொஞ்ச நாளைக்கு ஒரு தடவைதான் பேசினார். சிக்னல் இல்லை, நெட் அளந்துதான் தருகிறார்கள், வீடியோ போடமுடியாது, சம்பளம் இந்தக் கம்பெனியில் தாமதமாகத்தான் வரும் என்று என்னென்னவோ சொன்னார். அக்கா அதை எங்களிடம் சொல்லும்போது குரலில் ஒன்றும் இருக்காது. ஆனால் மாடிப்படியில் போனைப் பார்த்துக்கொண்டே நடப்பது அதிகமானது.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. தூத்துக்குடிக்கு மழை வந்தால் தெரியும்தானே, தண்ணீருக்கு ஓடத் தெரியாது, நம் வாசலிலேயே நிற்கும். மருந்துக் கடைத் தெருவில் முழங்கால் தண்ணீர். கடை திறக்கவில்லை. எனக்கும் ஆபீஸ் இல்லை. காலை பத்து மணி இருக்கும், அக்கா வந்து கதவைத் தட்டினார். வழக்கமாக வாசலில் நிற்பவர் நேராக உள்ளே வந்துவிட்டார்.

"தம்பி, பொட்டி என்னய வெளிய தள்ளிட்டு. வேற யாரோ வெளையாடுறாவன்னு எழுதி வருது."

போய்ப் பார்த்தேன். தீவு நெட்டில்தான் சேமிப்பாகியிருக்கும், கணக்கும் பாஸ்வேர்டும் தெரிந்தால் எந்தப் பெட்டியிலும் திறக்கலாம்; ஆனால் ஒரு கணக்கை ஒரே நேரத்தில் இரண்டு பெட்டிகளில் நடத்த முடியாது. வேறு ஒரு பெட்டியில் அந்தக் கணக்கைத் திறந்திருக்கிறார்கள், அதனால் இங்கே மூடிவிட்டது என்று அறிவிப்பு நின்றது. அந்த இன்னொரு பெட்டி எங்கே இருக்கிறது என்று தேடினேன். மும்பை என்று காட்டியது.

"திருடன்க்கா" என்றேன். இந்த மாதிரி வேலை வந்தால் எனக்கு உற்சாகம் பொத்துக்கொண்டு வரும். "பாஸ்வேர்டைத் திருடியிருக்கான். இப்பவே மாத்திருவோம், அவன வெளிய தள்ளிருவோம்."

"பொறுங்க" என்றார் அக்கா. "திருடன் உள்ள வந்து என்னத்த எடுத்திருக்கான்னு பாப்போம்."

அந்த ஆள் வெளியேறும்வரை காத்திருந்தோம். நான் நாற்காலியில் உட்காரமுடியாமல் எழுந்து எழுந்து ஜன்னலுக்குப் போனேன். அக்கா கன்ட்ரோலரைப் பிடித்த கை அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் தீவு திறந்தது. ஒன்றும் திருடு போகவில்லை. கோழிகளுக்குத் தீனி வைத்திருந்தது. வயலில் தண்ணீர் பாய்ச்சியிருந்தது. ஓரத்தில் சாய்ந்துகிடந்த வேலியை நிமிர்த்தி முட்டுக் கொடுத்திருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இப்படியும் ஒரு திருடனா என்று சிரிக்கப் போனேன். அதற்குள் அக்கா கடல் பக்கம் போனார். படகின் மூக்கு கடலைப் பார்த்து நின்றது.

"இது திருடன் இல்ல தம்பி" என்றார்.

நடுக்கடலில் இருக்கிற மனுஷன் மும்பையில் ஒரு வீட்டில் உட்கார்ந்து விளையாடுகிறார். என் புத்தி போகக்கூடாத இடமெல்லாம் போய்வந்தது. அங்கே யார் வீடு, யாரோடு இருக்கிறார், எத்தனை வருஷமாக நடக்கிறது இது? அக்காவும் அதையெல்லாம் நினைக்காமல் இருந்திருக்க மாட்டார். உதடு வெளுத்திருந்தது. நான் கிளம்புகிறேன் என்று எழுந்தேன். "இருங்க, எனக்குத் தனியாப் பேசத் தெம்பில்ல" என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டார்.

அண்ணன் எடுத்தார். "ஏளா, இந்நேரம் எதுக்குக் கூப்பிடுத? கப்பல் ஓடிக்கிட்டு இருக்கு, சிக்னல் போயிரும்."

"கோழிக்குத் தீனி வச்சியள்லா, அதச் சொல்லலாம்னு கூப்பிட்டேன்."

"என்னது?"

"கோழிக்குத் தீனி வச்சிய. வேலியும் கட்டியிருக்கிய."

அந்தப் பக்கம் தூரத்தில் ஓர் ஆட்டோ ஹாரன் அடித்தது. யாரோ இந்தியில் வெங்காயம் விற்றுக்கொண்டு போனார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ கடைக்குப் போயிருப்பன்னு நெனச்சேன்" என்றார் அண்ணன்.

"இங்கன மழை. கடை இல்ல. யாரு வீட்டுல இருக்கிய?"

"யாரு வீடும் இல்லளா. நம்ம ஊர்ப் பயலுவ ரூம்தான். கப்பலுக்குக் காத்துக் கெடக்கானுவ, ஒருத்தன்ட்ட பொட்டி இருக்கு." அவர் குரல் உடைந்தது. "காது போச்சுளா. மெடிக்கல்ல பெயிலாக்கிட்டான். ரெண்டு டாக்டர்ட்ட போயிப் பாத்துட்டேன். ஒரு ஏஜென்ட் நாளைக்குப் பாப்போம், நாளைக்குப் பாப்போம்ங்கான். இனிமே என்ன எந்தக் கப்பல்லயும் ஏத்த மாட்டான். பயலுவ வெளிய போனப்பொறவு இருக்க முடியல. சும்மா போட்டுப் பாத்தேன். நம்ம வீட்டுக்கு வந்துட்டுப் போன மாதிரி இருந்துச்சு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். சற்று முன்னால் நான் நினைத்ததையெல்லாம் யாராவது வெளியே சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே செத்திருப்பேன். இத்தனை வருஷமாக அக்கா எதைக் கேட்டுப் பிடிவாதம் பிடித்தாரோ அது நடந்துவிட்டது. கப்பல் அண்ணனை விட்டுவிட்டது. ஆனால் அந்த மனுஷன் கரையில் இருந்தும் வீட்டுக்கு வராமல் ஒளிந்துகிடக்கிறார்.

"அங்கன என்னத்துக்கு இருக்கிய? வர வேண்டியதுதான?" என்றார் அக்கா.

"எப்படிளா வர? போயி ரெண்டு மாசத்துல வெறும் பையோட வந்து நிக்கவா? சாயங்காலம் எல்லாரும் வருவாவ. என்னத்தக் கொடுப்பேன்? என்ன சொல்லுவேன்?"

அக்கா போனைக் கிட்டத்தில் இழுத்து, யாருக்கும் கேட்கக்கூடாத மாதிரி மெதுவாகச் சொன்னார். "நீங்க வந்தாப் போதும்."

"என்ன? கேக்கலளா."

"நீங்க வந்தாப் போதும்னு சொல்லுதேன்."

"சத்தமாச் சொல்லு. ஒண்ணும் விழல."

அக்கா என்னைப் பார்த்தார். திறந்து கிடந்த கதவைப் பார்த்தார். மழைக்கு எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள். கீழ்வீட்டுக்காரர் படியில் குடையை மடக்கிக்கொண்டிருந்தார், மேல்வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தலாம் என்று நான் எழுந்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். எழுந்து நின்று, போனை வாய்க்கு நேரே பிடித்து, அந்தக் கட்டடத்தில் நான் அதுவரை கேட்டிராத குரலில் கத்தினார்.

"ஒண்ணும் கொண்டாற வேண்டாம்! காது போனாப் போவட்டும், கப்பல் போனாப் போவட்டும்! நீங்க வந்தாப் போதும்! வாங்கன்னு சொல்லுதேன்!"

மேலே மிக்ஸி நின்றது. படியில் நாலைந்து தலை எட்டிப் பார்த்தன. இனி அண்ணன் ஒளிப்பதற்கு எங்கள் கட்டடத்தில் எதுவும் மிச்சமில்லை. அக்கா யாரையும் பார்க்கவில்லை. மூச்சு வாங்க, போனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அண்ணன் பேசினார்.

"கேட்டுச்சுளா" என்றார். "வாரேன்."